சிட்லபாக்கத்தில் ஒரு மார்மன் பட்டிமன்றம்

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பாதாம், சாக்லேட், மூட்டுவலித் தைலம் என்று பெட்டியை நிரப்பிக்கொண்டு வருவார்கள். நான் இந்தத் தடவை ஒரு தீர்க்கதரிசியின் மேல் உள்ள குற்றச்சாட்டுகளை அச்செடுத்துக்கொண்டு வந்தேன். கட்டின் கனத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "ஊருக்குப் போறீங்களா, கோர்ட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். அக்காவைக் காப்பாற்றப் போகிறேன் என்று சொன்னேன். அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது யூட்டா மாநிலத்தில். எங்கள் தெருவில் பாதி மார்மன் வீடுகள். கிறிஸ்துவை வணங்குகிறவர்கள்தான், ஆனால் பைபிளோடு இன்னொரு வேதமும் அவர்களுக்கு உண்டு. இருநூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு விவசாயி வீட்டு இளைஞர், தேவதூதன் காட்டிய இடத்தில் தங்கத் தகடுகளை எடுத்து, அதில் இருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்தான் சபையின் முதல் தீர்க்கதரிசி. காபி, டீ, மது, புகையிலை எதையும் தொட மாட்டார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும் மார்மன். குளிர்காலத்தில் தன் வாசல் பனியை அள்ளிவிட்டு என் வாசல் பனியையும் அள்ளிப் போடுவார். இத்தனை வருடத்தில் அவருடைய தீர்க்கதரிசியைப் பற்றி அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. பனி அள்ளிப் போடுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

அவரிடம் கேட்காததையெல்லாம் மூட்டை கட்டி, என் அக்கா கணவரிடம் கேட்பதற்குக் கிளம்பினேன்.

மாமா பெயர் தணிகாசலம். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அது பிழைப்பு. அவருடைய உயிர் பட்டிமன்றத்தில் இருந்தது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எந்தக் குடியிருப்போர் சங்கத்தில் பொங்கல் விழா நடந்தாலும் மேடையில் மாமா இருப்பார். எந்த அணிக்கு ஆள் குறைகிறதோ அந்த அணியில் போய் உட்காருவார். போன வருடம் கணவனுக்காகப் பேசியவர் இந்த வருடம் மனைவிக்காகப் பேசுவார். இரண்டுக்கும் ஒரே அளவு கைதட்டல் வாங்குவார்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரே பையன், பாலா. கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும்போது ஒரு மழை நாளில் வேளச்சேரி சாலையில் பைக் சறுக்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு மாமா மேடை ஏறவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அவரோடு அலுவலகத்தில் இருந்த ஒருவர் மட்டும் தினம் சாயங்காலம் வந்து எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் மார்மன். அவர் பின்னாலேயே மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார், பிறகு சேர்ந்துவிட்டார்.

இறந்தவர்களைக் குடும்பத்தோடு என்றென்றைக்குமாக இணைத்து வைக்கும் சடங்கு அந்தச் சபையில் உண்டு. ஞாயிறு கூடுகிற மண்டபத்தில் அது நடக்காது. அதற்கென்று இருக்கிற கோயிலுக்குப் பயணம் போக வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேரும் சபையில் இருந்தால்தான் பிள்ளையை அவர்கள் இருவரோடும் இணைக்க முடியும். மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அக்கா பதில் சொல்லாமல் இருந்தாள். அப்போதுதான் எனக்குப் போன் செய்தாள்.

"ஒரு தடவை வந்து அவர்கிட்ட உட்கார்ந்து பேசுடா. நீ அந்த ஊர்லயே இருக்கறவன், படிச்சவன். நீ பேசினா தெரிஞ்சுடும்."

என்ன தெரிந்துவிடும் என்று நான் கேட்கவில்லை. மாமாவை மீட்டுக்கொடு என்கிறாள் என்று நானே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன். சபையைக் கிழிக்கிறவர்கள் எழுதியதையும் படித்தேன், சபைக்காக வாதாடுகிறவர்கள் எழுதியதையும் படித்தேன். முதல் வகையை ரசித்து, இரண்டாவது வகையை ஓட்டை தேடி.

வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கினேன். யாரும் விமான நிலையத்துக்கு வர வேண்டாம், எனக்கு ஊர் தெரியாதா என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி குரோம்பேட்டையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். யூட்டாவில் ரயில் என்றால் ஆளுக்கு ஒரு ஜன்னல், சைக்கிள் மாட்ட ஒரு கொக்கி. இங்கே நானும் பெட்டியும் உள்ளே போனதே பின்னால் இருந்தவர்கள் தயவில். குரோம்பேட்டை வந்தபோது பெட்டி நாலு பேரின் கால்களுக்கு நடுவில் சிக்கியிருந்தது.

"பெட்டிய வெச்சிகினு நட்டநடுவுல நிக்கிறியே சார், இன்னா இது? எறங்கறவன் எப்டி எறங்குவான்?" என்றார் ஒருவர்.

"நான்தாங்க இறங்கணும்."

"அத்த முன்னாடியே சொல்றதுக்கின்னா?"

வண்டி கிளம்பிவிட்டது. தாம்பரம் வரைக்கும் போய்த்தான் இறங்க முடிந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கையேந்தி பவனில் பொங்கலும் வடையும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். நெய்யும் மிளகுமாக அந்தப் பொங்கல் உள்ளே இறங்கியதும், தர்மயுத்தத்துக்குத் தேவையான தெம்பு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கிருந்து ஆட்டோ பிடித்து சிட்லபாக்கத்துக்குத் திரும்பி வந்தேன்.

மாமாதான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகம் நான் பயந்த மாதிரி இல்லை. "வா மச்சான், ஆயுதமெல்லாம் கொண்டாந்தியா?" என்றார். அக்கா சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா காபி கொண்டு வந்தாள், ஒரே ஒரு டம்ளர். மாமாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி. நீ குடிக்கவில்லையா என்று கேட்டேன். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன் என்றாள். எழுந்ததும் காபி இல்லாமல் யாரோடும் பேசாதவள் என் அக்கா. அந்த டம்ளரை நான் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். மாமாவுக்குப் பயந்து நிறுத்திவிட்டாள் என்று நினைத்து, அவர்மேல் இன்னொரு குற்றச்சாட்டைச் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஏரிக்கரை நடைபாதையில் முதல் சுற்று ஆரம்பமானது. வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே தொப்பி விவகாரத்தை எடுத்தேன். தீர்க்கதரிசி தகடுகளைப் பார்த்து மொழிபெயர்க்கவில்லை. ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தை அந்தத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னார். தகடு துணியில் சுற்றி ஓரமாகக் கிடந்தது. இதை விமர்சகர்கள் மட்டும் சொல்லவில்லை, சபையே பின்னால் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது.

"ஆமா, எழுதியிருக்கு," என்றார் மாமா கடலையை மென்றபடி. "அதனால என்ன மச்சான்? நம்மூர்ல கண்ணை மூடிக்கிட்டுத் தியானம் பண்ணா ஞானி. அவர் வெளிச்சம் வேணாம்னு தொப்பியில மூடிக்கிட்டா மோசடியா?"

"தியானம் பண்ணட்டும். தகடு எதுக்கு?"

"கோயில்ல சிலை எதுக்கு? கும்பிடும்போது நீ கண்ணை மூடிக்கிறே இல்ல?"

எதிரே நடந்து வந்த ஒரு அம்மா இவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் வந்தது. மேடைப் பேச்சுக்காரரிடம் வாதம் செய்வதில் இதுதான் தொல்லை, வழிப்போக்கர்கூட அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனோம். மிக்ஸி ஜாருக்கு ஒரு மூடி வேண்டும் என்று அக்கா அனுப்பினாள். அந்தச் சந்தையில் பழைய சைக்கிள் சங்கிலி முதல் கிளிக்கூண்டு வரை கிடைக்கும். மூடி மட்டும் கிடைக்கும் என்று உலகத்தில் வேறு எங்கே நம்பிப் போக முடியும்? ஆனால் நாங்கள் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. குரோம்பேட்டையில் பேருந்து ஏறியதுமே நான் தீர்க்கதரிசியின் மனைவிகளை எடுத்துவிட்டேன். முப்பதுக்கு மேல். சிலர் ஏற்கெனவே வேறு ஒருவருக்கு மனைவிகள். சிலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். முதல் மனைவிக்குப் பல கல்யாணங்கள் தெரியவே தெரியாது.

மாமா சபையின் வாதத்தைச் சொன்னார். கடவுள் கட்டளை, பழைய ஏற்பாட்டில் முற்பிதாக்கள் செய்தது, பல கல்யாணங்கள் மறுமைக்கான பந்தம் மட்டும்தான். அப்படியென்றால் ஏன் மறைக்க வேண்டும் என்று நான் குரலை உயர்த்தினேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"யாருக்கு சார் முப்பது பொண்டாட்டி?"

"அமெரிக்காவுல ஒருத்தர். இப்ப இல்லை."

"எப்டி இருப்பான்? ஒண்ணை வெச்சிகினே இங்க பேஜாரா கீது."

பேருந்தே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பல்லாவரம் எப்போதோ போய்விட்டிருந்தது. "அனகாபுத்தூர், எறங்கு எறங்கு, வண்டி திரும்புது," என்றார் கண்டக்டர். இரண்டு வளர்ந்த ஆட்கள், செத்துப்போன ஒருவரின் கல்யாணங்களைப் பேசிக்கொண்டே ஊர் எல்லைவரை வந்திருந்தோம். ஒரு சந்தில் நுழைந்து பரோட்டா சாப்பிட்டோம். கடைச் சுவரில் வெள்ளத் தண்ணீர் நின்ற கறை என் மார்பு உயரத்துக்கு இருந்தது. "இந்த ஜனங்களை வெள்ளம் துரத்தின மாதிரி, மார்மன்களை ஊர் ஊரா துரத்தினாங்க மச்சான். வீட்டைக் கொளுத்தினாங்க. கடைசியில ஜெயில்ல வெச்சே அவரைச் சுட்டுட்டாங்க. ஏமாத்துக்காரன்னா தப்பிச்சு ஓடியிருக்க மாட்டானா?" என்றார் மாமா. ஏமாற்றுக்காரர்களும் சாவார்கள் என்றேன். அவர் சால்னாவை ஊற்றிக்கொண்டு, அதுவும் சரிதான் என்றார். அந்த "சரிதான்" எனக்கு வெற்றி மாதிரி இனித்தது.

மூடி வாங்காமல் திரும்பியதற்கு அக்கா திட்டினாள்.

சனிக்கிழமை மாமா சபை வேலையாகப் போயிருந்தார். அக்கா வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள், நான் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு என் முன்னேற்றத்தைச் சொன்னேன். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"உன் பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி? நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா."

"அவங்க வீட்ல யாராவது செத்துட்டா அழுவாங்களா?"

பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா இறந்தது நினைவு வந்தது. "அழுதாங்க. ஆனா நம்ம மாதிரி இல்ல. யாரையோ ஏர்போர்ட்ல விட்டுட்டு வர்ற மாதிரி அழுதாங்க."

அக்கா மீனைத் திருப்பிப் போடாமல் நின்றாள். ஒரு பக்கம் கருகியது. நான் தோசைக்கரண்டியை வாங்கித் திருப்பிப் போட்டுவிட்டு, தீர்க்கதரிசி மொழிபெயர்த்ததாகச் சொன்ன எகிப்துச் சுருள் விவகாரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா சபைக்குக் கூப்பிட்டார். எதிரியின் பாசறையையும் பார்த்துவிடலாம் என்று போனேன். அக்காவும் வந்தாள். கீழ்க்கட்டளைப் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு மாடிக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறிகள். சிலுவை இல்லை, படம் இல்லை. ரொட்டித் துண்டும் சின்னக் கோப்பையில் தண்ணீரும் வரிசையாகக் கொடுத்தார்கள். தமிழில் பாடினார்கள். அக்கா கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள், பாட்டுக்கு உதடு அசைந்தது. கூட வந்தோமே என்று மரியாதைக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்ததும் அமுலு என்கிற பெண்மணி எங்களை விடவில்லை. பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், சபையில் மாமாவுக்கு "சகோதரி". "அமெரிக்காலேர்ந்து வந்துகிறீங்கோ, எங்க வூட்ல ஒரு வாய் துன்னாம போயிருவீங்களா சார்?" என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆறு பேர் உட்காருகிற இடத்தில் பத்துப் பேர். ஒரு பையில் இருந்த முருங்கைக்காய் மேடவாக்கம் வரை என் காதைக் குத்திக்கொண்டே வந்தது.

மாடி ஏறிப் போனோம். ஒற்றை அறை, துடைத்த தரை, கருவாட்டுக் குழம்பு, முட்டை. அமுலுவின் அம்மா இறந்து வருடம் ஆகவில்லை. "எங்கம்மா சாவும்போது நான் பக்கத்துல இல்ல சார். வேலைக்குப் போய்ட்டேன். அத்த நென்ச்சி நென்ச்சி அழுதுகினே கெடந்தேன். அய்யாதான் சொன்னாரு, மறுக்கா உங்கம்மாவ பாப்ப, அப்ப சண்ட போட்டுக்கன்னு." மாமாவைக் காட்டிச் சொன்னார். மாமா உடனே அமுலு அம்மாவின் குரலில், ஏண்டி இவ்ளோ லேட்டு என்று அதட்டிக் காட்டினார். அமுலு சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். பாலா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் நான் என் கட்டைத் தூக்கி அந்த மாடியிலிருந்தே கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மறுநாள் எனக்கு விமானம். வந்த காரியம் முடியவில்லை என்கிற அவசரம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் காகிதங்களை விரித்தேன். மாமா ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டுமா? நாலு நாளா நீ ஒரே பக்கம் பேசற. நல்ல பேச்சாளன் அப்படிப் பேச மாட்டான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடைக்கு முதல் நாள், எதிர் அணிக்காக முழுசாப் பேசிப் பாப்பேன். அவன் என்ன சொல்லுவான்னு என் வாயில வந்தாத்தான் எனக்குப் பதில் வரும். அணி மாத்திக்குவோம். நீ சபைக்காகப் பேசு. நான் எதிர்த்துப் பேசறேன்."

"நடுவர்?"

"வேற யாரு?" என்று அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மணியடிக்க அதுதான். அவள் தலைக்கு மேலே சுவரில் பாலா, மாலையோடு.

நான் முதலில் பேசினேன். படிப்பில்லாத இளைஞர் சில மாதங்களில் அவ்வளவு பெரிய நூலைச் சொல்ல முடியுமா என்றேன். நல்ல ஜனங்களாக இருக்கிறார்கள் என்றேன். பாடப் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி வாசித்தேன். என்னிடம் அதைவிட நல்ல வாதங்கள் இருந்தன. தகடுகளைக் கண்ணால் பார்த்தோம் என்று சாட்சி சொன்னவர்களில் சிலர் பின்னால் தீர்க்கதரிசியோடு சண்டை போட்டுச் சபையை விட்டே போனார்கள், ஆனாலும் பார்த்தது பொய் என்று சொல்லவில்லை. அதைப் படித்தபோது எனக்கே ஒரு கணம் திக்கென்றது. தள்ளுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பனியில் மேற்கே யூட்டாவுக்கு நடந்த அந்தக் கால மார்மன்கள், வழியில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மேலே நடந்தார்கள். அதையும் படித்திருந்தேன். இரண்டையும் சொல்லவில்லை. என் அணி தோற்க வேண்டும் அல்லவா? அக்கா கரண்டியைத் தட்டுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இத்தனை வருடம் மேடை ஏறாத மனிதர் ஒரே நொடியில் மேடைக்குப் போய்விட்டார்.

"நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் நல்ல ஜனங்கள் என்றார். ஜனங்கள் நல்லவர்கள்தான். நாம் விசாரிப்பது ஜனங்களை அல்ல! இவர் யார்? புதையல் காட்டுகிறேன் என்று கூலி வாங்கியவர். எதை வைத்து? கல்லை வைத்து! எங்கே வைத்து? தொப்பியில் வைத்து! நேற்றுப் புதையல் தேடிய கல்லில் இன்று வேதம் தெரிகிறதாம்! கடவுளை நேரில் கண்டேன் என்றார். சந்தோஷம். ஒரு தடவை ஒரு மாதிரி சொன்னார், இன்னொரு தடவை வேறு மாதிரி சொன்னார். நான் பெண் பார்க்கப் போன நாளை என் மனைவி இன்றைக்கும் மாற்றாமல் சொல்லுவாள், நடுவர் அவர்களே! கடவுளைப் பார்த்தவருக்கு மறக்குமா?"

நான் என்னை அறியாமல் கைதட்டினேன். என் கட்டு முழுவதும் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது, நான் சொன்னதைவிடப் பத்து மடங்கு கூர்மையாக. கல்யாணங்களைச் சொன்னார். நான் அறியாத பெண்களின் கதைகளைச் சொன்னார். அந்தக் கல்யாணங்களை எழுதிய பத்திரிகையின் அச்சு இயந்திரத்தை உடைக்கச் சொன்ன கதைக்கு வந்தபோது கையை ஓங்கி மேசையில் அறைந்தார். அக்கா கரண்டியை எடுக்கவே இல்லை.

"கடைசியாக ஒன்று! எகிப்துச் சுருள் ஒன்றை வாங்கி, இது ஆபிரகாம் தன் கையால் எழுதியது என்றார். மொழிபெயர்த்தும் கொடுத்தார். அதன் துண்டுகள் பின்னால் அகப்பட்டன. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். என்ன இருந்தது? ஆபிரகாமா? இல்லை! செத்தவன் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமென்று அவனோடு வைத்துப் புதைக்கிற மந்திரம், நடுவர் அவர்களே! செத்தவனுக்காக..."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் பார்வை நடுவரின் தலைக்கு மேல் போயிருந்தது. மெல்லக் கையை இறக்கி, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

"சேர்றதுக்கு முன்னாடியே தெரியும் கமலா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சபைக்காரங்க இதுக்கெல்லாம் பதில் எழுதியிருக்காங்க. சிலது எனக்குச் சரியாப்படுது. சிலது படல." நான் விரித்த காகிதங்களை ஓரமாக ஒதுக்கினார். "தெரிஞ்சேதான் சேந்தேன். வேற யாரு எம்புள்ளயத் திருப்பித் தர்றேன்னு சொன்னாங்க?"

அக்கா கரண்டியால் டம்ளரை ஒரு தட்டுத் தட்டினாள். "எதிர்த்துப் பேசின அணி ஜெயிச்சுடுச்சு," என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மாமா வழக்கமாக வேதம் வாசிக்கிற நேரத்தில் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விடைபெறப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச ஆரம்பிச்சா எனக்கு யாரு எதிர்ல இருக்காங்கன்னே தெரியாது மச்சான். அவளை மறந்துட்டேன்," என்றார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோபப்பட அவர் செய்த தப்புதான் என்ன? அவர் கையை அழுத்திவிட்டு வந்தேன்.

அக்கா என்னோடு குரோம்பேட்டை ஸ்டேஷன் வரை வந்தாள். நடைமேடையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முகம் அழுத முகமாகத் தெரிந்தது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்து, உலகத்திலேயே சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"இனிமே மாமா உன்னை வற்புறுத்த மாட்டாருக்கா. கோயிலுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. நிம்மதியா இரு."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவர் எங்கடா வற்புறுத்தினாரு? நான்தான் போகணும்னு இருந்தேன். அவர் சொல்றத அப்படியே நம்ப பயமா இருந்துச்சு, புள்ளைய இழந்தவரு, ஆசையில பேசறாருன்னு தோணும். நீ அப்படி இல்ல. நீ எதையும் நம்பாதவன். எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டு, அக்கா, என்னால ஒண்ணும் சொல்ல முடியல, அவர் பேச்சுல ஏதோ இருக்குன்னு நீ சொல்லுவேன்னு நினைச்சேன். நீ தோத்துப் போவேன்னு நம்பித்தான்டா உன்னைக் கூப்பிட்டேன்."

எதிர் நடைமேடையில் தாம்பரம் வண்டி வந்து நின்று, ஜனங்களைக் கொட்டிவிட்டுப் போனது. என் வண்டியின் அறிவிப்பு கேட்டது. நான் எழுந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா உட்கார்ந்தபடியே என் சட்டையின் ஓரத்தைப் பிடித்தாள், சின்ன வயதில் கூட்டத்தில் நான் தொலைந்துவிடாமல் இருக்கப் பிடிப்பதைப் போல.

"நேத்து அணி மாத்திக்கிட்டப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? நீயே அந்தப் பக்கம் பேசப் போறேன்னு. அதுக்காகத்தான் நடுவரா வந்து உட்கார்ந்தேன். ஏண்டா, இன்னும் கொஞ்சம் நல்லாப் பேசியிருக்கக் கூடாதா?"